நாற்பதுக்கு மேல் நாலும் சுற்றும்

கோயம்புத்தூரில் ஒரு மனித வகை பெருகிவருகிறது. வயது நாற்பதுக்கு மேல், ஐம்பதுக்குள். அப்பா தொடங்கிய பம்புசெட் கம்பெனியையோ ஃபவுண்டரியையோ நடத்துவார். இல்லாவிட்டால் சரவணம்பட்டிப் பக்கம் மென்பொருள் கம்பெனியில் இருபது பேரை மேய்ப்பார். பத்து வருடம் ஒரு சிறிய, தாழ்ந்த, துறுதுறுவென்ற காரில் ஊரைச் சுற்றிவிட்டு, அண்மையில் அதை விற்று, மார்பளவு உயரத்தில் பானட் வைத்த ஃபோர் பை ஃபோர் ஒன்றை வாங்கியிருப்பார். இவரை முன்னாள் வேகக்காரர் என்று அழைக்கலாம். 'முன்னாள்' என்ற அடைமொழிக்கு நம்மூரில் உள்ள மவுசு தெரிந்ததுதானே. முன்னாள் அமைச்சரைப் போலவே இவரும், பதவியில் இருந்தபோது செய்யாததையெல்லாம் இறங்கிய பிறகுதான் விவரமாகச் சொல்வார்.

இந்த வகை கோவையில் தழைக்கக் காரணம் உண்டு. ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவரதனின் ஊர் இது. அவர் பெயரிலேயே செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. பந்தயத் தடம் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். ஆகவே இங்கே பிறந்த ஆண்பிள்ளைக்கு ஸ்டீயரிங்கைத் தொட்டதும் தான் பாதி ரேஸர் என்ற நினைப்பு வருவதைக் குற்றம் சொல்ல முடியாது, தண்ணீர் அப்படி. அந்த நினைப்புக்கு ஏற்ற வண்டி 2013இல் வந்தது: ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைசக்தி, ஏழு கியர் டிஎஸ்ஜி. நின்ற இடத்திலிருந்து 9.7 நொடியில் 100 கி.மீ. வேகம் தொடும் என்றது கம்பெனி. நம்மவர் அதோடு விடவில்லை. எஞ்சின் கணினியை ரீமேப் பண்ணினார், எக்ஸாஸ்ட் மாற்றினார், அகலமான டயர் போட்டார். வீட்டில் உள்ளவர்களின் பிறந்தநாள் மறந்துபோகும். டயரின் காற்றழுத்தம் மறக்காது.

சரி, அந்த 9.7 நொடியை எங்கே செலவழித்தார்? இங்கேதான் கணக்கு உதைக்கிறது. நெடுஞ்சாலை வேக வரம்பை உயர்த்தி மத்திய அரசு 2018இல் போட்ட அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்துவிட்டது. ஊருக்குள்ளோ வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, 25 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அலுங்காமல் கடக்கும்படி இருக்க வேண்டும். நம் தெரு வேகத்தடைகளுக்கு இந்த விதி எட்டவில்லை. அவற்றைப் போட்டவர் கைக்கு அன்று எவ்வளவு தார் மிச்சமோ அவ்வளவு உயரம். அவற்றின் மேல் தாழ்ந்த காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக, தூங்கும் குழந்தையைத் தாண்டும் தாயைப் போல இறக்கித்தான் வேகக்காரர் பத்தாண்டைக் கழித்தார். அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. நீளத்துக்குச் சிக்னலே இல்லாத மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தபோது பலர் காரை விற்று முடித்திருந்தார்கள்.

இனி அந்த மாற்றத்துக்கு வருவோம். ஊர் இதற்குச் சொல்லும் விளக்கம், 'பையன் பக்குவப்பட்டுட்டான்' என்பது. அவர் சொல்லும் விளக்கம், 'குடும்பத்துக்காகத்தானுங்க.' இரண்டையும் நான் ஏற்கவில்லை. அவர் பக்குவப்படவும் இல்லை, மாறவும் இல்லை. முன்பு வாங்கிய அதே சரக்கைத்தான் வேறு பெட்டியில் மறுபடி வாங்கியிருக்கிறார். அந்தச் சரக்கின் பெயர் 'முடியும்'. போலோவில் 'நினைத்தால் பறக்க முடியும்'. இதில் 'நினைத்தால் ஆற்றைக் கடக்க முடியும்'. இரண்டிலும் அவர் காசு கொடுத்தது வினைக்கு அல்ல, துணைவினைக்கு. கம்பெனிகளுக்கும் இது தெரியும். மஹிந்திரா தன் ஃபோர் பை ஃபோரான புதிய தாரை 2020இல் காந்தி ஜெயந்தியன்று விற்பனைக்கு விட்டது. ஐந்து கதவு வைத்து, சொகுசு சேர்த்த தார் ராக்ஸை 2024இல் சுதந்திர தினத்துக்குக் கொண்டுவந்தது. விற்பது வெறும் வண்டியாக இருந்தால் ஆயுத பூஜை போதாதா?

என் கட்சிக்கு முதல் சாட்சி அந்த வண்டிக்குள்ளேயே இருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் அந்த இரண்டாவது கியர் கம்பி அல்லது திருகு, இதற்கென்றே அவர் சில லட்சம் கூடுதலாகக் கொடுத்தார். ஆனால் இத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட தூரம் உருள வேண்டும். இரண்டு அச்சையும் இறுக்கிக் கட்டிவிட்டால் முன்னது இழுக்க, பின்னது முரண்டுபிடிக்க, நடுவில் மாட்டிய பல்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும். கூட்டுக் குடும்பத்தின் கணக்குவழக்கு மாதிரி. சேறும் மணலும் என்றால் சக்கரம் சற்றே வழுக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும். தார்ச்சாலை வழுக்காது. ஆக, கூடுதல் காசு கொடுத்து வாங்கிய உறுப்பை, வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி ஓடும் சாலையில் தொடக் கூடாது. சும்மா கிடந்தால் அதற்குள் எண்ணெய் பரவாது என்பதால், டொயோட்டா தன் சில ஃபோர் பை ஃபோர்களின் கையேட்டில் மாதம் 16 கி.மீ. தூரமாவது நாலு சக்கரத்தையும் இயக்கி ஓட்டச் சொல்கிறது. இந்த ஆலோசனை முன்னாள் வேகக்காரருக்கு மாத விரதம் மாதிரி ஆகிவிடுகிறது. ஞாயிறு காலை குளித்து, காப்பி குடித்து, புறவழிச்சாலை ஓரத்து மண் பாதையாகத் தேடிப் போய், கம்பியைத் தள்ளி, டாஷ்போர்டில் விளக்கு எரிவதைத் தரிசித்துவிட்டு, வரும் வழியில் இட்லி வாங்கி வருகிறார்.

மலை இருக்கிறதே என்று கேட்கலாம். கோவையைச் சுற்றி மலைக்கா பஞ்சம்? வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், இன்னும் தள்ளிப் போனால் கொல்லிமலைக்கு 70. அத்தனையும் நல்ல தார்ச்சாலை. அந்த வளைவுகளில் உயரமான, கனமான வண்டி பக்கவாட்டில் சாயும். பின் சீட்டில் இருப்பவர் முருகனை நினைப்பார். அங்கே ஒட்டிக்கொண்டு திரும்புவதற்கென்றே செய்தது போன்ற காரைத்தான் அவர் விற்றுவிட்டார். மலைக்கு என்று சொல்லி மலைக்கு ஏற்றதைக் கொடுத்துவிட்டு மலையளவு ஒன்றை வாங்குவதில் உள்ள தர்க்கம், எதுகைக்காகப் பாட்டெழுதுகிறவருக்குத்தான் பிடிபடும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் மழை. ஒரு மணி நேரம் கொட்டினால் லங்கா கார்னரிலும் கிக்கானி பள்ளி அருகிலும் ரயில் பாலத்தின் அடியில் குளம் கட்டும் ஊரில், 650 மி.மீ. தண்ணீரில் இறங்கலாம் என்று தாருக்குக் கம்பெனியே சொல்லியிருக்க, போலோவில் போ என்று சொல்ல நான் யார்? ஒப்புக்கொள்கிறேன், உயரம் உதவும். ஆனால் உயரம் வேறு, ஃபோர் பை ஃபோர் வேறு. அதே ராக்ஸ் அதே உயரத்தில், பின் சக்கரம் மட்டும் சுழலும் வகையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நம்மவர் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். "ரியர் வீலுங்களா? அப்பறம் எதுக்குங்க இது?" என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது? தவிர, லங்கா கார்னரில் தண்ணீர் நிற்கும்போது போலீஸ் பாதையை அடைத்துவிடும். திறந்திருந்தாலும் முன்னால் நகரப் பேருந்து ஒன்று நின்றுபோயிருக்கும். அதன் மேலே ஏறிப் போகும் கியர் இன்னும் வரவில்லை. உயரத்துக்கு அரசாங்கமும் தனியாக விலை வைத்திருந்தது. நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் எஞ்சின், தரையிலிருந்து 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்தால் 22 சதவீத செஸ் என்று வகுத்து, அந்த இடைவெளியை ஆளேறாத வெறும் வண்டியில்தான் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது. குடும்பத்தோடு உட்கார்ந்து வரியைத் தாழ்த்தும் வழியும் அடைபட்டது. 2025 செப்டம்பரில் செஸ் போய், மொத்தமாக 40 சதவீதம் என்றாகிவிட்டது. நாற்பதைத் தாண்டியவருக்குப் பொருத்தமான விகிதம்.

அடுத்தது முதுகும் பெற்றோரும். தாழ்ந்த காருக்குள் உட்காருவது கிணற்றுக்குள் இறங்குவது, எழுவது கிணற்றிலிருந்து ஏறுவது. நாற்பதுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வாயிலிருந்து ஒரு சத்தம் தானாக வருகிறது. இந்த ஆட்சேபத்தில் எள்ளளவும் பொய் இல்லை. ஆனால் எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு மூட்டு வலியோடு ஏற வேண்டிய உயரம் எது? இடுப்பளவு சீட், கால் வைக்கத் தாழ்ந்த தளம். முன்னாள் வேகக்காரரின் வாகனமோ கிணற்றுக்குப் பதில் மச்சு. சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு, மேல் கைப்பிடியைப் பற்றி, பக்கப் படியில் ஒரு கால் வைத்து, "ஏஞ்சாமி, ஒரு முக்காலி போட்டு உடேன்" என்று அம்மா கேட்கிற நிலை. இடுப்பளவு சீட் உள்ள வண்டி நாட்டில் இல்லாமல் இல்லை. பெயர் இன்னோவா. 2005இலிருந்து கிடைக்கிறது, அம்மா ஏறுவார், அப்பா நீட்டிப் படுப்பார், வாந்தி வராது. அதை ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் அவர் முகத்தில் ஒரு வலி தெரியும். "நல்ல வண்டிதானுங்க. ஆனா டாக்ஸி மாதிரி இருக்குமே?" குடும்பத்துக்காக என்ற வாதம் இந்த ஒரு வாக்கியத்தில் நின்றுபோகிறது. சொகுசு அவருக்கு வேண்டும். ஆனால் சொகுசாக இருக்கிறது என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது.

பாதுகாப்பு என்கிறவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்லலாம். இரண்டு ஏர்பேக் வைத்த போலோ 2014இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், பெரியவர்கள் பாதுகாப்புக்கு நாலு நட்சத்திரம் வாங்கியது. தார் 2020இல் வாங்கியதும் நாலுதான். கனமான வண்டியும் லேசான வண்டியும் நேருக்கு நேர் முட்டினால் கனமானதில் இருப்பவர் தப்புவார் என்பது உண்மை. அதாவது அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு எதிரே வரும் ஆல்டோக்காரரிடமிருந்து கடனாக வாங்கியது. பிரேக் விஷயத்தில் நாலு சக்கர இயக்கத்தால் ஒரு பலனும் இல்லை. நிற்பதற்கு எல்லா வண்டியும் நாலு சக்கரம்தான், மாருதி 800 உட்பட.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? பேச்சு மாறியிருக்கிறது. முன்பு 'முந்தினேன்', 'விரட்டினேன்', 'பிடித்தேன்'. இப்போது 'மாட்டிக்கிட்டா', 'சிக்கிக்கிட்டா', 'ராத்திரியில் நின்னுட்டா'. டிக்கியில் இழுவைக் கயிறு, மடக்கு மண்வெட்டி, காற்றடிக்கும் கம்ப்ரஸர், பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் பெட்டி. காந்திபுரம் சிக்னலில் ஒரு வனத்துறை முகாமே நிற்கிறது. யாராவது சேற்றில் மாட்ட மாட்டார்களா, கயிற்றைக் கட்டி இழுத்துக் காப்பாற்ற மாட்டோமா என்று அவர் கண் இரண்டு பக்கமும் அலைகிறது. யாரும் மாட்டுவதில்லை. கல்யாண மண்டபத்தில் பார்க்கிங் மூலையில் சிக்கிய ஸ்கூட்டியை எடுத்துக் கொடுத்ததோடு இதுவரை சரி.

இன்னொன்றும் மாறியிருக்கிறது, உண்மையில் அவர் காசு கொடுத்தது அதற்குத்தான் என்று தோன்றுகிறது. மஹிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய நாளிலிருந்து, நம் ஊரில் அந்த உருவத்துக்கு ஒரே அர்த்தம்தான்: ஆபீசர் வருகிறார். தாசில்தார், இன்ஸ்பெக்டர், ரேஞ்சர், பொதுப்பணித்துறை எஞ்சினியர் எல்லோரும் அதில்தான் வந்து இறங்கினார்கள். பிற்பாடு கட்சிக்காரர்கள் வெள்ளை ஸ்கார்ப்பியோவிலும் ஃபார்ச்சூனரிலும் அந்த வழக்கத்தைக் காப்பாற்றிவருகிறார்கள். மூன்று தலைமுறையாக நாம் அந்த முகப்பைக் கண்ணாடியில் பார்த்தால் ஒதுங்கப் பழகியிருக்கிறோம். போலோவில் அவர் 105 குதிரையையும் விரட்டி, கியரைக் குறைத்து, இடம் பார்த்து, ஹாரன் அடித்து ஒரு வண்டியை முந்த வேண்டியிருந்தது. இப்போது பின்னால் வந்து நின்றால் போதும்; முன்னே போகிறவர் தானாக இடது பக்கம் நகர்கிறார், யாரோ வட்டச் செயலாளர் என்று நினைத்து. வேகத்தை அவர் விடவில்லை. அதற்கான வேலையை முன்னே போகிறவரிடம் ஒப்படைத்திருக்கிறார்.

இன்னும் நம்ப மறுப்பவர்கள் பழைய வண்டி விளம்பரங்களைப் படிக்கலாம். வேகமான காரை விற்கிறவர் எழுதுவது: 'ஒரே ஓனர், ஒருநாளும் விரட்டி ஓட்டாதது.' ஃபோர் பை ஃபோரை விற்கிறவர் எழுதுவது: 'ஒருமுறைகூட ஆஃப்ரோடு போகாதது.' எந்த வேலைக்காகச் செய்தார்களோ அந்த வேலையைச் செய்யவில்லை என்பதற்காகவே கூடுதல் விலை கேட்கப்படும் பொருள்கள் உலகில் அதிகம் இல்லை. வாங்குகிறவரும் அந்த வரியைப் படித்துத்தான் வருகிறார். போலோவை வாங்கிப்போனது பெரும்பாலும் இருபத்தைந்து வயதுப் பையனாக இருப்பான். மாதம் ஒருமுறை, அந்த 16 கி.மீ. நேர்த்திக்கடன் முடிந்து இட்லிப் பொட்டலத்தோடு திரும்பும் வழியில், முன்னாள் வேகக்காரர் அவனுக்கு போன் போடுகிறார். "வண்டி எப்படிப்பா ஓடுது?" "சூப்பர் சார்." "விரட்டிப் பாத்தியா?" "எங்க சார், ஊருக்குள்ள முப்பதுதான்." முன்னாள் வேகக்காரருக்கு மனம் நிறைந்துவிடுகிறது. காற்றழுத்தம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு போனை வைக்கிறார்.