புள்ளி போன பத்து நாள்

ஆனி மாதம் கொல்லிமலையில் யார் வீட்டுக்குப் போனாலும் பலாப்பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். நாம் போகாவிட்டால் பழம் நம் வீட்டுக்கு வந்துவிடும். அப்படி வந்த ஒன்றை மனைவி வெட்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் தேங்காய் எண்ணெய் தடவாமல் பலாவைத் தொடக்கூடாது என்று இங்கே மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு சுளைதானே என்று இருந்துவிட்டேன். ஒரு சுளை, ஒரு வாக்கியம். இன்னொரு சுளை, இன்னொரு வாக்கியம். பதினோராவது சுளையில் எஃப் விசை உள்ளே போனது. வெளியே வரவில்லை.

இங்கிலீஷில் எழுதுகிறவருக்கு எஃப் போனால் ஓர் எழுத்துதான் போகும். எனக்குப் போனது புள்ளி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்திய தமிழ்99 முறையில்தான் நான் தட்டுகிறேன். அதில் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி எஃப் விசையில் இருக்கிறது. அந்த முறையை வகுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரே எழுத்தை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்துவிடும். ம்ப, ங்க, ஞ்ச போன்ற ஜோடிகளுக்கும் அதே சலுகை. அதனால் அப்பா, அம்மா, தம்பி, தங்கச்சி எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள். ‘நான்’ மட்டும் ‘நான’ ஆகிப்போனேன்.

ஏட்டுச்சுவடிக் காலத்தில், எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளி இல்லாமலேயே எழுதினார்கள். அந்த ஏடுகளைப் படித்துப் பதிப்பித்துத்தான் உ.வே.சாமிநாதையர் தமிழ்த் தாத்தா ஆனார். பத்திரிகை ஆசிரியர்கள் எல்லோரும் உ.வே.சா. ஆகிவிட முடியுமா? ‘எனக்கு வரவேண்டிய பணம’ என்று நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. புள்ளி வைத்து எழுதினாலும் அந்த வாக்கியத்துக்குப் பதில் வருவது அபூர்வம் என்பது வேறு விஷயம்.

“பலாப் பாலுக்குத் தேங்காய் எண்ணெதாங்க மருந்து” என்றாள் மனைவி. அரிவாளுக்கு அதுதான் மருந்து, கைக்கும் அதுதான். நான் எஃப் மூடியை நெம்பிக் கழற்றிவிட்டு இரண்டு சொட்டு விட்டேன். விசை ஜம்மென்று மேலே வந்தது. எண்ணெய் ஜம்மென்று கீழே போனது. எண்ணெயைத் துடைக்க ஸ்பிரிட், ஸ்பிரிட்டைக் காயவைக்க ஹேர் டிரையர். மறுநாள் காலையில் புள்ளியோடு ஐ, ஏ, எ, வ ஆகியவையும் காலி.

ஒன்றுக்கு ஐந்து எப்படிப் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கீபோர்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடுகின்றன. விசையை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும். எந்த இரண்டு தொட்டன என்று பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கிறது சிப். எண்பது, நூறு விசைக்கு இருபத்துச் சொச்சம் கோடு போதும். ஒரு கோடு அறுந்தால் அதில் குடியிருக்கிற விசைகள் மொத்தமும் போகும். எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகப் புறநானூறு சொல்கிறது. நான் விட்டது இரண்டு சொட்டு.

அந்த ஓரியின் பேரையே எழுத முடியவில்லை. வல்வில் ஓரி ‘லில ஓரி’ ஆகிவிட்டார். மனைவி ‘மனி’ ஆனாள். கொல்லிமலை ‘கொல்லிமல’ ஆனபோது, இதை இப்படியே விடக்கூடாது என்று தீர்மானித்தேன்.

கீழே டவுனில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். கீபோர்டு மட்டும் மாற்ற மாட்டார்களாம். கை வைக்கிற மேல் தகடு முழுவதையும் மாற்றவேண்டுமாம். அவர்கள் சொன்ன தொகைக்கு எங்கள் தோட்டத்து மிளகு இரண்டு மூட்டை போகும். ஆப்பிள் நிறுவனமே 2015இல் ‘பட்டாம்பூச்சி’ விசை என்று ஒன்றைக் கொண்டுவந்து, தூசு புகுந்து எழுத்துகள் சிக்கி, 2018இல் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்து, 2022இல் வழக்கை முடிக்க 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தூசுக்கே அந்தக் கதி. பலாப்பாலைப் பற்றி எந்த நாட்டு இன்ஜினியரும் யோசித்திருக்க மாட்டார்.

கீபோர்டை மட்டும் தனியாக ஆன்லைனில் வாங்கினேன். கூரியர்காரர் மலை ஏற மறுத்துவிட்டார். சேந்தமங்கலத்தில் இருக்கும் மாமனார் வீட்டு முகவரி கொடுத்தேன். அவரே பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவும் சுற்றி, பலாப்பழம் சாப்பிட்ட மாதிரியும் ஆயிற்று என்று வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் ஆபரேஷன். ஸ்குரூக்கள் மூன்று நீளத்தில் இருந்தன: எட்டு மில்லிமீட்டர், ஐந்து, மூன்று. கலந்துவிடக் கூடாதே என்று இட்லித் தட்டை எடுத்தேன். கழற்றிய இடத்தின் வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் போட்டேன். மொத்தம் இருபத்து மூன்று. மாமனாரே “மூளைதான் மாப்ள” என்றார். காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு மூடியைப் பிளந்தேன், பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன், மதர்போர்டைத் தூக்கி வைத்தேன். அடியில் கீபோர்டு. அதைப் பிடித்திருந்தவை ஸ்குரூக்கள் அல்ல. மேல் தகட்டிலிருந்து முளைத்த பிளாஸ்டிக் குச்சிகளை உருக்கிக் காளான் மாதிரி தலை தட்டியிருந்தார்கள். எண்ணினேன்: அறுபத்தெட்டு. மலைப்பாதைக்கு இரண்டு வளைவு குறைச்சல். ஒவ்வொன்றின் தலையையும் கத்தியால் சீவி, புதிய கீபோர்டை வைத்து, மிச்சம் நிற்கிற குட்டைக் குச்சியை சால்டரிங் அயனால் மறுபடி உருக்கவேண்டும். சீவி முடிப்பதற்குள் மணி பத்து. அயனைச் சொருகினேன். காற்றடித்தது, கரண்ட் போனது. படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது கரண்ட் வந்திருந்தது. சமையலறையிலிருந்து ஆவி வாசனையும் வந்தது. இட்லி.

“தட்டு...” என்றேன்.

“கழுவிட்டுத்தாங்க ஊத்துனேன். உங்க ஆணியெல்லாம் டம்ளர்ல பத்திரமா இருக்கு.”

ஒரே டம்ளரில் மூன்று நீளமும் சமத்துவமாகக் கிடந்தன. அறுபத்தெட்டுக் குச்சியையும் உருக்கி முடித்தபோது வீடு முழுக்க பிளாஸ்டிக் நாற்றம். கண் பார்த்த மாதிரி ஸ்குரூக்களை முடுக்கினேன். ஆன் செய்தால் ஓர் எழுத்தும் வரவில்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தால், கீபோர்டின் ரிப்பன் கேபிளைச் சொருகிய நான், அதைக் கவ்விப் பிடிக்கிற நகக்கண் அளவுத் தாழ்ப்பாளைப் போட மறந்திருக்கிறேன். போட்டேன். ஐ வந்தது, வ வந்தது, புள்ளி வந்தது. மனைவியைக் கூப்பிட்டு ‘மனைவி’ என்று அடித்துக் காட்டினேன். “சட்னி வேணுமா?” என்றாள்.

இப்போது நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஐந்து மில்லிமீட்டர் இடத்தில் எட்டு மில்லிமீட்டர் போனதால் இடது உள்ளங்கை வைக்கிற இடத்தில் ஒரு சின்ன முகப்பரு. அது பரவாயில்லை. என் கவலை கணக்கில் இருக்கிறது. கழற்றியது இருபத்து மூன்று, முடுக்கியது இருபத்திரண்டு. ஒரு மூன்று மில்லிமீட்டர் காணோம். டம்ளரில் இல்லை, தரையில் இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டியில் காந்தம் விட்டுத் துழாவியும் இல்லை.

மாமனார் அன்றைக்கு ஆறு இட்லி சாப்பிட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் கீழே இறங்கிப் போய்விட்டார். அவரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் இன்னும் தோன்றவில்லை.