வாலே சிட்னிக்கு!

கேள்வி: சிட்னியில் குடும்பத்தோடு இருக்கும் பள்ளித்தோழன், "வீட்டுக்கு வாலே" என்கிறான். எதைக் கொண்டுபோகலாம்?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் அவனிடம் அழைப்புக் கடிதம் வாங்குங்கள். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று அவன் அதில் எழுதுவது நல்லது. நம்ம ஊரில் வந்தவனிடம் "என்னைக்குப் புறப்படுத?" என்று கேட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது; ஆனால் விசாவுக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

தாமிரபரணித் தண்ணீரைக் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். அதே தண்ணீரில் கிண்டிய அல்வாவைப் பெரிய பெட்டியில் வையுங்கள். அதற்குப் பேர்போன இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும்; புறப்படுவதற்கு முந்தின நாளே வரிசையில் நில்லுங்கள். பத்தமடைப் பாய் கொண்டுபோனால், அதுவும் கோரைப்புல்லில் நெய்ததுதான். அல்வா, பாய் இரண்டையும் வருகை அட்டையில் மறைக்காமல் குறிப்பிடுங்கள், மறைத்தால் அபராதம். அதிகாரி அல்வாவைப் பறித்துக்கொண்டால்? நண்பனின் மனைவி, "சர்க்கரை உள்ளவுகளுக்கு இது எதுக்கு அண்ணாச்சி?" என்று பறிப்பதைவிட மரியாதையாகத்தான் பறிப்பார்.