நாற்காலித் திருப்புகழ்

அகிலம் போற்றும் அரசு நாற்காலியே, அடியேனின் வணக்கத்தை ஏற்றருள்க! பட்டா மாற்றம் கோரும் மனுவோடு தங்கள் சந்நிதிக்கு இது பதினோராவது வருகை. முந்தைய பத்து முறையும் தரிசனத்துக்குக் குறைவில்லை. தங்கள் முதுகில் விரித்த வெள்ளைத் துண்டையும், மேசைமேல் மூடி கழற்றி வைத்த பேனாவையும், யாருமற்ற இடத்துக்கு ஓயாமல் சாமரம் வீசும் மின்விசிறியையும் கண்குளிரக் கண்டு திரும்பினேன். ஆள் மட்டும் இல்லை. உருவம் துறந்து வெட்டவெளியாய் நிற்பதுதானே தெய்வத்தின் உச்சநிலை! ரகசியம் சிதம்பரத்தில் மட்டும் இருப்பதாக ஊரார் நம்புகிறார்கள். தாலுகாவுக்கு ஒன்று இருப்பதை அறியாத பேதைகள்.

"சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்" என்று பக்கத்து மேசைப் பெருமான் திருவாய் மலர்ந்தருளுவார். அந்த ஃபீல்டு எத்திசையில் உள்ளதென்று எந்தச் சர்வேயரும் சங்கிலி பிடித்துச் சொல்ல இயலாது. அவ்வளவு பரந்த சேவை!

இத்தகைய பீடத்துக்காக நாடே தவங்கிடப்பதில் வியப்பென்ன? 2024 குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புப் போதுமென்ற தேர்வுக்குப் பொறியியல் பட்டதாரிகள் கோச்சிங் சென்டர்களில் தலைநரைக்கும் வரை 'பொருத்துக' படிக்கிறார்கள். கோழி மேய்த்தாலும் கவர்மென்ட்டில் மேய்க்க வேண்டுமென்றார்கள் பெரியோர். மேய்ப்பவரைத் தொந்தரவு செய்யாமல் கோழிகள் தாமே மேய்ந்துகொள்ளும் இடம் வேறெங்கு உண்டு?

தங்கள் அடியார்களின் நாகரிகத்தை என்னென்பது! பணமென்று வாய்விட்டுக் கேட்கும் கொச்சைத்தனம் அவர்களிடம் கிடையாது. "கொஞ்சம் கவனிச்சிடுங்க" என்பார்கள். அடியேன் அறியாமையால் அப்படிச் சொன்னவரையே உற்றுக் கவனித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன்.

சில பொல்லாத பக்தர்கள் ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் காணிக்கை வைப்பதுண்டு. லஞ்ச ஒழிப்புத் துறையார் வந்து கண்ணாடிக் குவளைக் கரைசலில் கையை நனைக்கச் சொல்வார்கள். கரைசல் இளஞ்சிவப்பாக மலரும். தொட்ட நீரைத் தாமரை நிறமாக்கும் கரங்கள் வேறெந்த உத்தியோகத்தாருக்கு வாய்த்தன? அதன் பின்னும் தாங்கள் சிக்கிய பிள்ளையைக் கைவிடுவதில்லை. சஸ்பெண்ட் காலத்திலும் பாதிச் சம்பளத்தைப் பிழைப்பூதியமாகப் படியளக்கிறீர்கள். வேலை செய்ய வேண்டாமென்று அவருக்கு எழுத்தில் உத்தரவு கிடைப்பதே அப்போதுதான். அதுவரை அந்தத் தொண்டை அவர் சொந்த முயற்சியில் ஆற்றிவந்தார்.

தனியார் துறைப் பிரபுக்களை மறந்தால் நன்றி கொன்றவனாவேன். அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, நாற்காலிதான் கிடையாது. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடைவை விரிக்கும் பெண்ணுக்கு உட்கார ஓரிடம் கொடுங்கள் என்று சொல்ல 2021-ல் தமிழகச் சட்டசபை சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஒரு முக்காலிக்காக ஒரு சட்டமன்றம் உழைக்க நேர்ந்ததென்றால், நிமிர்ந்து நிற்கும் பண்பாட்டை முதலாளிமார் எத்தனை காலம் கட்டிக்காத்திருக்க வேண்டும்!

ஐ.டி. மாளிகைகளில் நாற்காலியுண்டு; சக்கரம் வைத்தது. வேண்டும்போது வெளியே உருட்டிவிடத் தோதாக அமைத்த தீர்க்கதரிசனம். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று திங்கட்கிழமை பிரியாணி பரிமாறுவார்கள். வெள்ளிக்கிழமை அடையாள அட்டையைக் காட்டினால் கதவு திறக்காது. ஊழியர் விலக மூன்று மாத நோட்டீஸ்; அவரை விலக்க ஒரு மின்னஞ்சல். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்று 2023-ல் அருளினார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி. 90 மணி நேரம் என்று ஏலத்தை உயர்த்தினார் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன். வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரந்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்று அவர் நெஞ்சுருகியது 2025 ஜனவரியில் நாடெங்கும் எதிரொலித்தது. தாலி கட்டியவனின் முகத்தைப் பார்க்கும் துன்பத்திலிருந்து பெண்குலத்தை மீட்க இப்படியொரு வள்ளல் வரவேண்டியிருந்தது.

"கவர்மென்ட்டா, பிரைவேட்டா, எது சித்தப்பா நல்லது?" என்று அண்ணன் மகன் கேட்டான். "ஓரிடத்தில் ஆளில்லாத நாற்காலி, இன்னோரிடத்தில் நாற்காலியில்லாத ஆள். இரண்டும் பூரண அவதாரங்கள். எடைபோட நாம் யாரடா தம்பி?" என்றேன். பையனுக்கு மறுபேச்சு வரவில்லை.

இந்தத் துதியையும் தங்கள் வராந்தாவில் நின்றபடிதான் எழுதுகிறேன். மனுதாரருக்குப் பெஞ்சு போட்டால் தவம் கெடுமென்பது தங்கள் திருவுள்ளம். சற்றுமுன் தங்கள் தோளிலிருந்த துண்டு மெல்ல அசைந்தது. மெய்சிலிர்த்துக் கைகூப்பினேன். "ஃபேன் காத்துப்பா" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். முதியோர் உதவித்தொகைக்காக எட்டு மாதமாக நிற்கிறாராம். இத்தனை நாள் நின்றும் அவருக்கு இன்னும் பக்தி கனியவில்லை.