சம்பளமில்லாத் துரை

கேரளத்துத் தேயிலை மலையான பீர்மேட்டுக்கு வருகிற வெள்ளைக்காரர்களில் இரண்டு வகை. ஒரு வகை தேக்கடிக்குப் போகிற வழியில் குட்டிக்கானத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு, பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். இன்னொரு வகை ஆறு மாதம் தங்கி நம்மை முன்னேற்ற வந்தது. முதல் வகை யானை பார்க்கப் போகும். இரண்டாம் வகை நம்மைப் பார்க்கும்.

இந்த இரண்டாம் வகையாளர்தான் வாலன்டியர். வயது இருபத்திரண்டைத் தாண்டாது. முதுகில் ஆளுயர மூட்டை. அதற்குள் தண்ணீரைச் சுத்திகரிக்கும் மாத்திரை, தலையில் மாட்டும் டார்ச், வெயிலுக்குப் பூசும் கிரீம் மூன்று ட்யூப். வந்து இறங்குவது மழை கொட்டும் ஜூன் மாதம். கிரீமுக்கு வேலை வர ஓணம் வரை காத்திருக்க வேண்டும்.

அவர் மூட்டையை அவிழ்ப்பதற்குள் ஊருக்கே அவர் ஜாதகம் தெரிந்துவிடும். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவம் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். படிவத்தில் இல்லாத விவரங்களை டீக்கடைச் சேட்டன் சேர்த்துக்கொள்வார். "சாயிப்புக்குக் கல்யாணம் ஆகலை. அப்பா பேங்க்ல வேலை. பையன் வெறும் கட்டன் சாயாதான் குடிப்பான், பால் ஆகாது."

வருவதற்கு முன்பே செல்போனில் மலையாளம் படித்துவிட்டுத்தான் வருவார். அந்த மலையாளத்தோடு எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் நுழைந்து, "சுகமாணோ?" என்பார். "நல்லாருக்கோம் தம்பி, நீங்க எந்த ஊரு?" என்று பதில் வரும். ஆள் அப்படியே நின்றுவிடுவார். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி பின்னால் மலையேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் இவர்கள் என்பதும், 1956-இல் மாநிலம் பிரித்தபோது மலையோடு சேர்த்து இவர்களும் கேரளத்துக்குப் போனார்கள் என்பதும் செல்போன் பாடத்தில் கிடையாது. உடனே புத்தகம் வாங்கித் தமிழ் படிப்பார். அடுத்த வாரம் கொழுந்து எடுக்கிற பெண்களிடம் போய், "தாங்கள் உணவு உட்கொண்டுவிட்டீர்களா?" என்பார். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அன்றைக்குக் கொழுந்து எடை குறைந்திருந்தால் அதற்குப் பொறுப்பு வாலன்டியர்தான்.

சமத்துவம் அவருக்கு உயிர். லயத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் மூன்று வீடு தள்ளிப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கடன் வாங்கி வருவார்கள். அதில் உட்கார மாட்டேன் என்று தரையில் சம்மணம் போட்டுவிடுவார். விருந்தாளி தரையில் இருக்கும்போது வீட்டுக்காரர் எப்படி நாற்காலியில் உட்காருவது? நாற்காலி நடுவில் காலியாக இருக்க, வீட்டிலுள்ள அத்தனை பேரும் நின்றுகொண்டே பேசுவார்கள். பழைய ஆட்கள் பழக்கதோஷத்தில் "துரை" என்பார்கள். "துரைன்னு கூப்பிடாதீங்க" என்று கெஞ்சுவார். "சரிங்க துரை" என்பார்கள்.

அட்டை கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாலு பக்கம் படித்து வைத்திருப்பார். பிடித்து இழுக்கக் கூடாது, நகத்தால் ஓரமாக நெம்ப வேண்டும் என்பது பாடம். அவர் ஒன்றை நெம்பி முடிப்பதற்குள் இன்னும் நாலு சாக்ஸுக்குள் குடியேறியிருக்கும். கடைசியில் ஒரு அக்கா இடுப்பிலிருந்து உப்பும் புகையிலைத் தூளும் முடிந்த துணியை எடுத்து, "காலை நீட்டுங்க தம்பி" என்று நாலு தேய்ப்புத் தேய்ப்பார். அட்டைகள் பொலபொலவென்று உதிரும். அன்றிரவே அந்த முடிச்சு 'உள்ளூர் மரபறிவு' என்ற தலைப்பில் அவர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்காத ஆள் லயத்தில் கிடையாது. "சம்பளம் இல்லை" என்பார். "அட, நாங்களும் அப்படி இருந்தவங்கதான்" என்று சட்டென்று உறவு கொண்டாடுவார்கள். 2000-க்குப் பிறகு தேயிலை விலை விழுந்து இந்தப் பக்கம் எஸ்டேட்டுகள் பூட்டிக் கிடந்த காலத்தை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் விமான டிக்கெட் போக, இங்கே வந்து சேவை செய்ய ஒரு கம்பெனிக்கு அவரே பணம் கட்டியிருக்கிறார் என்று தெரியவரும்போது லயத்துப் பாட்டி ஒருவருக்குப் பொறுக்காது. "எங்க தாத்தனைக் கூட்டியார கங்காணி முன்பணம் குடுத்தான். இந்தப் புள்ள வேலை செய்யறதுக்கு இதுவே முன்பணம் குடுத்துட்டு வந்திருக்கு. நம்ம கங்காணியை முழுங்குற கங்காணி அந்த ஊர்ல இருக்கான் போல."

புது இடத்தில் ஒட்டிக்கொள்வது எப்படி என்று அவருக்குப் பயிற்சி வகுப்பெல்லாம் நடந்திருக்கும். ஆனால் மலையின் பழங்குடிகளை விட்டால், பீர்மேட்டில் எல்லோருமே வந்து ஒட்டியவர்கள்தான். 1860-களில் ஹென்றி பேக்கர் என்ற பாதிரியாரும் வெள்ளைத் தோட்டக்காரர்களும் காப்பி போட்டார்கள். இலைத்துரு நோயில் காப்பி அழிந்து, தேயிலை வந்தது. தேயிலைக்குத் தமிழர்கள் வந்தார்கள். பாலாவிலிருந்தும் காஞ்சிரப்பள்ளியிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்தார்கள். இன்று அஸ்ஸாம், ஜார்க்கண்ட் இளைஞர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். இத்தனை பேரில் திரும்பிப் போகிற டிக்கெட்டோடு வந்தவர் வாலன்டியர் ஒருவர்தான்.

ஒரு மாதம் ஆனதும் கணக்கெடுப்பு தொடங்கும். "உங்கள் முதன்மையான தேவை என்ன?" கூரை ஒழுகுகிறது என்பார்கள். கிராஜுவிட்டி வரவில்லை என்பார்கள். அவர் படிவத்தில் இருப்பதோ கைகழுவும் பழக்கம், தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு. கூரையும் கிராஜுவிட்டியும் 'மற்றவை'யில் போய் விழும். பிறகு அங்கன்வாடிச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார். எல்லா வாலன்டியரும் கடைசியில் அந்தச் சுவருக்குத்தான் வந்து சேருவார்கள். மழையில் பெயின்ட் உரிந்த இடத்தில் பார்த்தால் தெரியும்: மேலே உலக வரைபடம், அதற்கடியில் கைகழுவும் குரங்கு, அதற்கும் அடியில் பட்டாம்பூச்சி. பட்டாம்பூச்சி பெல்ஜியத்துக்காரப் பெண் வரைந்தது என்று டீச்சர் ஆண்டுக் கணக்கோடு சொல்வார்.

உருப்படியான காரியம் ஒன்றும் அவர் செய்யவில்லை என்று சொன்னால் பாவம். அது தற்செயலாக நடக்கும். மழை விடாத ஒரு சாயங்காலம், "தம்பிக்கு இங்கிலீஷ் தெரியும்ல, இந்த பி.எஃப். என்னன்னு பாருங்க" என்று ஓர் அக்கா செல்போனை நீட்டுவார். ஆதாரில் மாரியம்மாள், எஸ்டேட் ரிஜிஸ்டரில் மரியம்மா. மதம் மாறாமலே பேர் மாறியதில் பணம் நின்றுபோயிருக்கும். சிக்னல் கிடைக்கிற ஒரே மூலையில் குடை பிடித்துக்கொண்டு, திருத்தப் படிவத்தை இரண்டு மணி நேரம் போராடி ஏற்றிவிடுவார். மறுநாள் அவர் வாசலில் செல்போனும் கையுமாகப் பதினைந்து பேர் நிற்பார்கள். அன்றைக்குத்தான் அவர் ஊர்க்காரர் ஆவார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் மறுபேச்சில்லாமல் உட்காருவதும் அன்றிலிருந்துதான்.

இறுதி அறிக்கையில் பி.எஃப்.புக்குக் கட்டம் கிடையாது. சுவர்ப் படத்துக்கு முழுப் பக்கம் உண்டு. வழியனுப்பு விழாவில் பொன்னாடை போர்த்தி, ஏலக்காய் ஒரு பொட்டலமும் தேயிலை ஒரு கிலோவும் கொடுப்பார்கள். கண்கலங்கி, "உங்களுக்கு நான் இன்னும் என்ன செய்யட்டும்?" என்பார்.

பாட்டி யோசிக்கவே மாட்டார். "அடுத்த ஆளை அனுப்புறப்போ பெயின்ட் வேணாம்னு சொல்லுங்க துரை. கிராஜுவிட்டிக்கு மனு எழுதத் தெரிஞ்ச புள்ளையாப் பாத்து அனுப்பச் சொல்லுங்க. அட்டை விஷயத்தை நாங்க கத்துக் குடுத்துக்குறோம்."