மேற்படி அரிசி தொடர்பாக

(ரேஷன் கடைக்கு எதிரே ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. கல்லாவில் அண்ணாச்சி; 114 வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார், பாதிக்கு அவர்தான் அட்மின். எதிரே, கக்கத்தில் கோப்புடன் வட்ட வழங்கல் அலுவலர். ஜீப்புக்கு டீசல் ஒதுக்கீடு வராததால் வெயிலில் நடந்து வந்திருக்கிறார்.)

அலுவலர்: நியாயவிலைக் கடைகளில் வழங்கப்படும் அரிசியில் பிளாஸ்டிக் கலந்துள்ளதாகத் தாங்கள் பரப்பிய செய்தி குறித்து விளக்கம் கோரி வந்துள்ளேன்.

அண்ணாச்சி: உட்காருங்க சார். எந்தச் செய்தி? பந்து மாதிரி துள்ளுற வீடியோவா, தண்ணியில மிதக்குற வீடியோவா?

அலுவலர்: மேற்படி இரண்டும்.

அண்ணாச்சி: துள்ளுறது எங்கிருந்தோ வந்தது. மிதக்குறதுதான் நம்ம சரக்கு. அதுல பொய் என்ன இருக்கு? மிதக்கலையா?

அலுவலர்: மிதக்கும். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுத்து, நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கப்படுகிறது. 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமரே அறிவித்த திட்டம்.

அண்ணாச்சி: அடடா, நல்லாத்தானே இருக்கு. யார்கிட்ட சொன்னீங்க?

அலுவலர்: சுற்றறிக்கை அனுப்பியுள்ளோம்.

அண்ணாச்சி: யாருக்கு?

அலுவலர்: சார்நிலை அலுவலர்கள் அனைவருக்கும்.

அண்ணாச்சி: அரிசி களையுறது சார்நிலை அலுவலரா சார்? வீட்டுப் பொம்பளைங்க. ரேஷன் அரிசியில கல்லு பொறுக்கி, கருப்பு பொறுக்கி, வண்டு பொறுக்கி முப்பது வருஷமா தேறின கண்ணு அது. திடீர்னு ஒரு நாள் நூறு அரிசிக்கு ஒரு அரிசி நிறம் மாறி மிதக்குது. என்னன்னு கேட்டா கடைக்காரர் ‘இஷ்டம்னா வாங்கு’ங்கிறார். அந்தக் கேள்வி நாலு நாள் தெருவுல அநாதையாக் கிடந்துச்சு. நான் எடுத்து வளர்த்தேன்.

அலுவலர்: உடனடியாக மறுப்பு வெளியிட்டோம். நகர் முழுவதும் ஃப்ளெக்ஸ் வைத்துள்ளோம்.

அண்ணாச்சி: பார்த்தேன். ‘ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக்?’னு சிவப்புல ஆளுயர எழுத்து. கீழே ‘என்பது வதந்தி’ன்னு எறும்பு ஊர்ற மாதிரி. பஸ்ஸுல போறவனுக்குப் பிளாஸ்டிக் மட்டும்தான் படிக்க நேரம். அந்த ஃப்ளெக்ஸ் செலவு எனக்கு மிச்சம் சார். டீ சொல்லட்டுமா?

அலுவலர்: படிப்பறிவில்லாதவர்களே இத்தகைய...

அண்ணாச்சி: அங்கதான் தப்பு பண்றீங்க. தொழில்னு வந்தா நாலு விஷயம் தெரிஞ்சுக்கணும். 1977-ல ஹாஷர்னு ஒரு அம்மாவும் கூட ரெண்டு பேரும் அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணாங்க. காலேஜ் பிள்ளைங்களைக் கூப்பிட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம், மூணு தரம். ஒவ்வொரு தரமும் 60 வாக்கியம். எது நிஜமா இருக்கும்னு மார்க் போடணும். அதுல கொஞ்சம் வாக்கியம் மட்டும் மூணு தரமும் வரும். நிஜமோ பொய்யோ, திரும்பத் திரும்ப வந்ததுக்கு மார்க் ஏறிக்கிட்டே போச்சு. பழகின முகம்னா மனசு ஜாமீன் கையெழுத்துப் போட்டுடும் சார், ஆள் யாருன்னு கேக்காது.

அலுவலர்: விவரம் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

அண்ணாச்சி: அதையும் சோதனை பண்ணிப் பார்த்தாச்சு, 2015-ல. ‘சேலை என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடை’, இப்படி ஒரு வாக்கியம்.

அலுவலர்: சேலையா!

அண்ணாச்சி: சேலைதான். அந்தப் பாவாடைக்குச் சரியான பேரு கில்ட். அந்த மாதிரி சரியான பதில் தெரிஞ்சவங்ககிட்டேயே தப்பான வாக்கியத்தை முன்னாடி ஒரு தரம் காட்டிட்டு மறுபடி கேட்டா, நம்பிக்கை கொஞ்சம் கூடுது. படிப்பு உள்ளதான் இருக்கு, கூப்பிட்டாத்தான் எழுந்து வரும். நாம எங்க கூப்பிடறோம்?

அலுவலர்: (தாளில் ‘சேலை’ என்று குறித்துக்கொள்கிறார். பிறகு அடிக்கிறார்.) ஆயினும், பொய் என்று அறிந்தே அனுப்புவது குற்றம்.

அண்ணாச்சி: பொய்னு அறிஞ்சு அனுப்புறது என்னை மாதிரி நாலு பேரு. மத்தவங்க அன்பா அனுப்புறாங்க. மதுரையில இருக்கிற அத்தை, கோயம்புத்தூர்ல இருக்கிற மருமகளுக்கு ‘அரிசியைப் பார்த்து வாங்கும்மா’ன்னு அனுப்புறா. அவளுக்கு அது செய்தியே இல்ல. ‘சாப்பிட்டியா’ன்னு கேக்குற மாதிரி. ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டா யாராவது ஆதாரம் கேப்பாங்களா? 2017-ல தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டப்போ என்ன ஆச்சு? ஊசி ஆபத்துன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு, பெத்தவங்க பயந்துட்டாங்க. பிள்ளை மேல பாசம் இல்லாதவனுக்கு அந்தப் பயம் வராது சார். அந்தப் பாசத்துக்கு உங்க பதில் என்ன? ‘வதந்தி பரப்புவோர் மீது கடும் நடவடிக்கை.’

அலுவலர்: (கோப்பை மூடி வைத்துவிட்டு) அண்ணாச்சி, 2018 மே மாசம் ஞாபகம் இருக்கா?

அண்ணாச்சி: ...

அலுவலர்: போளூர் பக்கம். குலதெய்வம் கும்பிடப் போன வயசான அம்மா. வழியில குழந்தைங்களுக்கு மிட்டாய் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு அடிச்சே கொன்னுட்டாங்க. அந்த வருஷம் நாடு முழுக்க ஒரு பிள்ளை பிடிக்கிற வீடியோ சுத்துச்சே, அது கராச்சியில எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிட்டுப் போன குழந்தையைத் திருப்பி விடுற கடைசிக் காட்சியை யாரோ வெட்டிட்டாங்க.

அண்ணாச்சி: சார், அது நான் பண்ணலை.

அலுவலர்: நீங்க பண்ணலை. பிள்ளைங்க மேல பாசமா இருந்தவங்கதான் பண்ணாங்க.

(அண்ணாச்சி சார்ஜர் ஒயர்களை நிறம் பார்த்து அடுக்குகிறார். எல்லாம் கறுப்பு.)

அண்ணாச்சி: அதுக்கப்புறம்தான் ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்டு ஆகாதுன்னு கம்பெனி கட்டுப்பாடு போட்டான். எங்க தொழில் படுத்துடுச்சு.

அலுவலர்: உண்மையில கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருந்துச்சு. தலசீமியா உள்ளவங்க டாக்டரைக் கேட்டுத்தான் இரும்புச்சத்து சேர்த்த அரிசி சாப்பிடணும்னு மூட்டையில எச்சரிக்கை போடணும்னு முன்னாடி ஒரு விதி இருந்துச்சு. மூட்டையைப் பிரிச்சு எடை போட்டுக் கொடுக்கிற கடையில அதை யார் படிச்சா? இதை யாராவது பெரிசாக் கேட்டிருந்தா நாங்க பதில் சொல்லியே ஆகணும். நீங்க பிளாஸ்டிக்னு கிளப்பி விட்டீங்க. பிளாஸ்டிக் இல்லைன்னு அறிக்கை விட்டுட்டு நாங்களும் நிம்மதியாத் தூங்கிட்டோம்.

அண்ணாச்சி: அப்போ நான் உங்க டிபார்ட்மென்ட்டுக்கு நல்லது பண்ணியிருக்கேன்.

அலுவலர்: எழுத்தில் கொடுக்க இயலாது.

அண்ணாச்சி: சரி, ஒரு யோசனை சொல்றேன், காசு வேண்டாம். கடை வாசல்ல அடுப்பை வைங்க. அந்த அரிசியையே களைஞ்சு, மிதக்குற அரிசியைக் கையில எடுத்து, ‘ஆமா, இது மிதக்கும், ஏன்னா...’ன்னு ஆரம்பிங்க. முதல் கவளம் நீங்க சாப்பிடுங்க. பிளாஸ்டிக்ங்கிற வார்த்தையே வாயில வரக் கூடாது. சத்துணவு அக்கா யாரையாவது பேசச் சொல்லுங்க. உங்க தமிழ் வேண்டாம்.

அலுவலர்: அடுப்புக்கும் விறகுக்கும் எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுதுவது? பொது இடத்தில் சமைக்க நகராட்சி அனுமதி, தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்று... கருத்துரு அனுப்பினால் ஆறு மாதத்தில்...

அண்ணாச்சி: அமெரிக்காவுல 2018-ல ட்விட்டரை வச்சு ஓர் ஆராய்ச்சி வந்துச்சு. 1500 பேர்கிட்ட போய்ச் சேர, பொய்யை விட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் ஆச்சாம். ஆறு மடங்குதான். அவங்க உங்க ஆபீஸைப் பார்க்கலை.

(அலுவலரின் போன் கிணுகிணுக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு, திரை தெரியாமல் கவிழ்த்து வைக்கிறார்.)

அண்ணாச்சி: என்ன சார், மிதக்குற வீடியோவா?

அலுவலர்: ம்.

அண்ணாச்சி: யாரு?

அலுவலர்: அம்மா.

அண்ணாச்சி: நீங்க ஒண்ணும் சொல்லலையா அவங்ககிட்ட?

அலுவலர்: போன வாரமே மறுப்பறிக்கையை பி.டி.எஃப். ஆக அனுப்பினேன்.

அண்ணாச்சி: படிச்சாங்களா?

அலுவலர்: கட்டைவிரல் போட்டிருக்காங்க.

அண்ணாச்சி: அப்புறம்?

அலுவலர்: அரிசியைக் கோழிக்குப் போட்டுட்டாங்க.