பலகைக் கலைஞர்

கட்டடக் கலைஞர்கள் சட்டம், 1972-இன் 37-ஆம் பிரிவு, கட்டடக்கலைக் கவுன்சிலில், அதாவது முறையாகப் படித்தவர்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பில், பெயர் ஏறாத எவரும் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றும், போட்டுக்கொண்டால் முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம் என்றும் சொல்கிறது. இத்தடை பட்டத்துக்குத்தானே தவிரத் தொழிலுக்கு அன்று என 2020-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. பெயருக்குப் பூட்டும் வேலைக்குத் திறந்த வாசலுமாக அமைந்த இந்த ஏற்பாட்டில் தழைத்த ஓரினம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் உண்டு.

இவ்வினத்தவர் பெரும்பாலும் டிப்ளமோ சிவில் முடித்து, ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளைக் கற்று, ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அலுவலகம் திறந்தவர். விலக்கப்பட்ட சொல்லை மிதிக்காமல் அதைச் சுற்றி வலம் வருவதே அவரது பலகையின் இலக்கணம் என்பதால், 'பில்டிங் டிசைனர்', 'கான்செப்ட் கன்சல்டன்ட்', 'எலிவேஷன் ஸ்பெஷலிஸ்ட்' (எலிவேஷன் என்பது வீட்டின் முகப்புத் தோற்றம், வீட்டுக்காரரின் சேமிப்பில் கணிசமான பகுதி அதில்தான் கரையும்) என்று பட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி, 'வாஸ்து முறைப்படி' என்பதில் வந்து நிற்கின்றன. அதே பிரிவு 'நேவல் ஆர்க்கிடெக்ட்' எனப்படும் கப்பல் வடிவமைப்பாளருக்கு விலக்கு அளித்திருப்பது பலகைக்காரரின் காதுக்கு இன்னும் எட்டவில்லை. எட்டியிருந்தால், கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் மாவட்டத்துக்குள்ளேயே இருப்பதால், பலகையில் ஒரு நங்கூரமும் ஏறியிருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும் வீட்டுக்கார மகனுக்கு அவர் அனுப்பும் முப்பரிமாணப் படத்தில், முள்காட்டு மனையில் ஈச்சமரங்கள் நிற்கும். போர்டிகோவில் வெளிநாட்டுக் கார் பளபளக்கும். "தம்பி, அடுப்படி தென்கிழக்குலதானே வருது?" என்று மட்டும் தாயார் கேட்பார். கட்டணம் பேசும்போது பட்டங்கள் அத்தனையும் பேசும்.

ஆனால் மாடிப்படி பாதி ஏறியதும், "சார், இந்த இடத்துல பீம் தலையில இடிக்குமே" என்று மேஸ்திரி கூப்பிட்டால், பட்டங்கள் மளமளவென்று உதிர்ந்து, "நான் கான்செப்ட் மட்டும்தான் மேஸ்திரி, பீமெல்லாம் இன்ஜினியர் பாடு" என்ற அளவுக்கு அவர் மெலிந்துவிடுவார். வரைபடத்தில் கையெழுத்திட்ட இன்ஜினியரோ மனையை ஒருமுறைகூடப் பார்த்திராதவர். பலகை ஏதும் இல்லாத மேஸ்திரி இரண்டு படிகளை உடைத்து, திருப்பத்தை மாற்றிக் கட்டி முடிக்க, கிரகப்பிரவேச ஃபிளெக்ஸில் புதிய பட்டம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: 'ஸ்டேர்கேஸ் ஸ்பெஷலிஸ்ட்'.