ஏசித் தண்ணீர்க் குளம்: ஷரஃபியாவின் பின்சந்து நீர்நிலைகள் குறித்து ஓர் ஆய்வு

தோட்டத்துக் குளத்தை ரசிப்பதும் பருவந்தோறும் படமெடுப்பதும் வில்லாவும் புல்தரையும் வாய்த்தவர்களுக்கே உரியவை என்றொரு கருத்து வளைகுடாத் தமிழரிடையே வேரூன்றியிருக்கிறது. அது ஆதாரமற்றது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் ஜித்தாவின் ஷரஃபியா: பழைய கட்டடங்களும் மெஸ்களும் பகாலா எனும் மளிகைக் கடைகளும் கார்கோ கடைகளும் தோளுரசி நிற்கும் பகுதி. ஆய்வுப்பொருள், கட்டடங்களின் பின்சந்தில் ஏசிக் குழாய்க்கு அடியில் வைத்த தயிர் வாளி, பெயின்ட் டப்பா, அல்லது எதையும் வைக்காததால் சிமென்ட் தரைப் பள்ளத்தில் தானாகவே தேங்கிய நீர். இவையே ஷரஃபியாவின் தோட்டக் குளங்கள். நம் ஊர்க் குளங்களுக்கு நேரெதிரான பருவ ஒழுங்கு உடையவை என்பது நம் துணிபு.

ஆறோ மழையோ நிரப்பினால்தான் குளம், மெஷின் கக்கிய தண்ணீரைக் குளமென்பது வீம்பு என்பர் சிலர். உலகம் கொண்டாடும் தோட்டக் குளத்தின் பூர்வீகத்தை இவர்கள் விசாரிக்கவில்லை. பிரான்சின் ஜிவெர்னியில் ஓவியர் மொனே 1893-இல் குளம் வெட்டத் தொடங்கியபோது பக்கத்து ஓடையைத் திருப்பித்தான் நீர் கொண்டுவந்தார். அவர் நடப்போகும் அயல்நாட்டுச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் தகராறு செய்தனர். அந்தச் செயற்கைக் குளத்திலிருந்து சுமார் 250 ஓவியங்கள் பிறந்தன. காற்றின் ஈரத்தைப் பிடித்துச் சேர்ப்பது கேவலமென்றால் துபாயின் புர்ஜ் கலீஃபாவைப் பாருங்கள்: அதன் குளிரூட்டும் கருவிகளில் படியும் நீர் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி கேலன். அது தனிக் குழாய் வழியே தொட்டியில் சேர்ந்து சுற்றியுள்ள தோட்டத்துக்குப் பாய்கிறது. ஜித்தாவே 1907 முதல் கடல்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துக் குடித்த ஊர். 828 மீட்டர் உயரக் கட்டடத்துக்குப் பெருமையாவது நான்கு மாடிப் பின்சந்துக்கு மட்டும் எப்படி இழிவாகும்?

இரண்டாவது மறுப்பு சற்றுக் கனமானது: ஜித்தாவில் இருப்பவை வெயில், கடும் வெயில் என்ற இரண்டே, பருவமே இல்லாத ஊரில் பருவந்தோறும் படமெடுப்பது எதை? வெப்பமானியை மட்டும் பார்ப்பவருக்கு வரும் மயக்கம் இது. ஏசிக் குழாயின் சொட்டு வெப்பத்தை அல்ல, காற்றின் ஈரத்தைப் பின்பற்றுகிறது. கதவிடுக்கிலும் ஜன்னல் ஏசியின் ஓரத்திலும் புகும் காற்று உள்ளேயிருக்கும் குளிர்ந்த கம்பிச்சுருளில் பட்டு ஈரத்தை இறக்கிவைக்கிறது. வளைகுடாக் காற்றில் எவ்வளவு நீர் இருக்கக்கூடும் என்பதற்கு 2003 ஜூலை 8 அன்று சவூதியின் தஹ்ரானில் பதிவான 35 டிகிரி பனிநிலை சான்று. ஜித்தாவில் ஜூன், ஜூலை காய்ந்து எரியும். செங்கடல் சூடேறி முடிந்த ஆகஸ்ட், செப்டம்பரில்தான் சட்டை முதுகோடு ஒட்டும். ஆகவே ஆடியில் சொட்டு, ஆவணியில் தாரை, புரட்டாசியில் வாளி வழிதல் என்பதே இக்குளத்தின் கார்காலம். ஊரில் கண்மாய்கள் பெருகும் மார்கழியை ஒட்டி இங்கே ஏசி ஓய்ந்து, வாளியின் அடியில் ஒரு விரல் தூசி மிஞ்சும். அதுவே இதன் முதுவேனில். மழையைக் கணக்கில் சேர்க்க இயலாது. ஆண்டு முழுவதற்கும் சராசரியாகச் சுமார் 50 மி.மீ. காணும் ஊரில் 2022 நவம்பர் 24 அன்று ஆறு மணி நேரத்தில் 179 மி.மீ. பெய்தது, 2009 நவம்பர் 25-இன் வெள்ளம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த வானத்தைவிட இந்தக் குழாய் நம்பகமானது.

வாளியைப் படமெடுத்தால் வாளிதானே தெரியும் என்பது மூன்றாவது மறுப்பு. நின்றபடி குனிந்து எடுத்தால் வாளிதான் தெரியும். அது எடுப்பவரின் முதுகெலும்பைப் பொறுத்த குறை. நீர்ப்பரப்பு தன்மேல் செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தையே திருப்பித் தருகிறது. பார்வை எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுக்குப் பிரதிபலிப்பு கூடும். எனவே போனைத் தலைகீழாகப் பிடித்து, கேமரா லென்ஸைத் தண்ணீர் மட்டத்தின் அருகே கொண்டுவர வேண்டும். உடனே வாளி விளிம்பு மறைந்து கரையில்லாத ஏரி விரியும். துருப்பிடித்த ஜன்னல் ஏசி அதில் மலையாகக் கவிழ்ந்து கிடக்கும். பாசி பிடித்த குழாய் நுனியில் சொட்டு கனத்து, நீண்டு, அறுந்து விழுந்ததும் மூன்று வளையங்கள் மலையைக் கலைத்துவிட்டுச் சுவரில் முட்டித் திரும்பும். வளையம் அடங்கியபின் தலை நீட்டும் மைனாவையோ, முன்கால் நனையாமல் நக்கிக் குடிக்கும் சந்துப் பூனையையோ பிடிக்க நினைப்பவர் அடுத்த சொட்டுக்குள் முடித்தாக வேண்டும். போலரைஸ்டு கூலிங் கிளாஸை மட்டும் கழற்றிவிடுவது நல்லது: செங்குத்திலிருந்து 53 டிகிரி சாய்வில் அது பிரதிபலிப்பை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும்; ஏரி போய் மீண்டும் தயிர் வாளி வந்துவிடும்.

நான்காவது மறுப்பைச் சிரித்துத் தள்ள முடியாது: கொசு. சவூதியில் டெங்கு வைரஸ் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1994-இல், இதே ஜித்தாவில். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை குளத்தைக் கவிழ்த்து, முட்டை ஒட்டியிருக்கும் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவியே தீர வேண்டும். தரைப் பள்ளத்து நீரை விளக்குமாற்றால் தள்ளிவிட வேண்டும். கவிழ்த்த நீர் பால்கனிக் கறிவேப்பிலைக்குப் போகட்டும். உப்பு மிகக் குறைந்த நீர் அது. குடிக்க மட்டும் ஆகாது: கம்பிச்சுருளின் தூசியும் உலோகமும் அதில் உண்டு. வாரந்தோறும் அழித்து வாரந்தோறும் ஆக்குவது குளத்தின் நிலைபேற்றைக் குலைக்காதா எனலாம். தூர் வாராத குளம் எங்கே நிலைத்தது? நம் ஊரார் ஆண்டுக்கொருமுறை செய்யத் தவறியதை ஷரஃபியா வாரத்துக்கொருமுறை செய்கிறது.

இத்தனை சான்றுகளிலிருந்தும் கிடைப்பது வீட்டுத் தரகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு முடிவு. வசதியான புதுக் கட்டடங்களில் ஏசித் தண்ணீர் சுவருக்குள் பதித்த குழாய் வழியே யார் கண்ணிலும் படாமல் சாக்கடைக்குப் போய்விடுகிறது. வாடகை ஏற ஏறக் குளம் மறைகிறது. எனவே குளத்தோடு கூடிய வீட்டைத் தேடுவோர் மதீனா சாலையைப் பார்த்த பிளாட்டை விட்டுவிட்டு, பின்சந்து ஜன்னல் உள்ள பேச்சிலர் ரூமைக் கேட்டு வாங்குவதே ஆய்வுக்கு உகந்தது. அந்த ஜன்னலுக்கென்று இதுவரை யாரும் தனி வாடகை கேட்கவில்லை. இக்கட்டுரை கட்டடக் காவலரான ஹாரிஸ் கையில் சிக்காதவரை அது அப்படியே நீடிக்கும்.